இன்சுலேஷன் போட்டு அடைத்த கராஜ் பட்டறைக்குக் காற்றோட்டம் செய்வது எப்படி: ஒன்ராறியோ வீட்டுக்காரருக்கு ஒரு வழிகாட்டி

கராஜ் சுவருக்குள் இன்சுலேஷன் அடைத்து, நீராவித் தடுப்புத் தாள் ஒட்டி, பெரிய கதவின் ஓரமெல்லாம் ரப்பர் பட்டி வைத்துவிட்டால் ஜனவரியிலும் உள்ளே நின்று வேலை செய்யலாம். ஆனால் அன்றிலிருந்து மரத்தூசிக்கும் வார்னிஷ் ஆவிக்கும் மூச்சின் ஈரத்துக்கும் வெளியே போக வழியில்லை. முன்பு கதவிடுக்கால் தானாக நடந்த காற்றோட்டத்தை இனி நீங்கள்தான் அமைத்துக்கொடுக்க வேண்டும்.

ரொறன்ரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கங்களில் வீட்டோடு ஒட்டிய கராஜைப் பட்டறையாக்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கணக்குக்கு 20 அடி நீளம், 20 அடி அகலம், 9 அடி உயரம், அதாவது 3,600 கன அடி கொண்ட இரண்டு கார் கராஜை எடுத்திருக்கிறேன். உங்கள் அளவைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

1. வேலையை மூன்றாகப் பிரியுங்கள்

பலர் முதலில் கடைக்குப் போய்ப் பெரிய விசிறி ஒன்றை வாங்கி வருகிறார்கள். குளிர்காலத்தில் அதைப் போட்டால் பத்து நிமிடத்தில் கராஜ் உறைந்துவிடும், உடனே நிறுத்திவிடுவார்கள். ஓடாத விசிறியால் பயனில்லை. தேவைகள் மூன்று, மூன்றுக்கும் அளவு வேறு:

- மூச்சுக்கும் ஈரத்துக்கும்: சிறிய அளவு, உள்ளே இருக்கும் நேரம் முழுவதும்.
- பூச்சு, பசை, கரைப்பான் ஆவிக்கு: பெரிய அளவு, வேலை நடக்கும்போதும் அதற்குப் பின் ஒரு மணி நேரமும்.
- மரத்தூசிக்கும் வெல்டிங் புகைக்கும்: கிளம்பும் இடத்திலேயே பிடிப்பது. அறை முழுக்கப் பரவிய பிறகு விசிறியால் தூசியைத் துரத்த முடியாது.

நீங்கள் என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தச்சுவேலை மட்டும், பூச்சு எல்லாம் கோடையில் வெளியே என்றால் இரண்டாவது தேவையே இல்லை. செலவு பாதியாகக் குறையும்.

2. துளை போடுவதற்கு முன் காகித வேலை

மின்சாரம்: விசிறிக்கோ ஹீற்றருக்கோ புதிய இணைப்பு இழுப்பதென்றால் ஈ.எஸ்.ஏ. எனப்படும் மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். சொந்த வீட்டில் நீங்களே வயர் வேலை செய்யலாம், ஆனால் அறிவித்தல் உங்கள் பெயரில் போக வேண்டும். ஆள் பிடித்தால் அவர் உரிமம் பெற்ற மின்சார ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும். தெரிந்த ஒருவர் மலிவாகச் செய்து தருகிறேன் என்றால், அறிவித்தல் இலக்கத்தைக் கேளுங்கள். இலக்கம் இல்லையென்றால் வேலையைக் கொடுக்க வேண்டாம். வீடு விற்கும்போதும் காப்புறுதிப் பணம் கேட்கும்போதும் அந்தத் தாள்தான் பேசும். செருகியில் செருகி ஓட்டும் சிறு விசிறிக்கு, ஏற்கெனவே இருக்கும் இணைப்பு தாங்குமானால், இந்தத் தொல்லை இல்லை.

எரிவாயு: காஸ் ஹீற்றர் வேலையை ரி.எஸ்.எஸ்.ஏ. எனப்படும் தொழில்நுட்பத் தரநிலை, பாதுகாப்பு அதிகாரசபையில் பதிவுள்ள நிறுவனத்தின் தகுதி பெற்ற ஆள்தான் செய்யலாம். இதில் சொந்தக் கைவேலை வேண்டாம்.

நகரசபை: சுவரில் ஒரு சிறு துளையும், முழு வெப்பமூட்டல், காற்றோட்ட அமைப்பும் நகரசபைக் கட்டடப் பிரிவின் கண்ணில் ஒன்றல்ல. என்ன செய்யப்போகிறீர்கள் என்று நான்கு வரி மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்திலேயே வாங்கிச் சேமியுங்கள். இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். ஒன்று, அந்தக் கராஜ் உங்கள் வீட்டுக்குக் கட்டாயமான வாகனத் தரிப்பிடமாகக் கணக்கிடப்பட்டிருக்கிறதா? இரண்டு, துளை போடும் சுவர் காணி எல்லையிலிருந்து எவ்வளவு தூரம்? எல்லைக்கு 1.2 மீற்றருக்குள் இருக்கும் சுவரில் திறப்புகளுக்குத் தீப்பாதுகாப்புக் கட்டுப்பாடு உண்டு. வீடுகள் நெருங்கி நிற்கும் புதிய குடியிருப்புகளில் பக்கச் சுவர் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் விழும். பின் சுவரோ முன் சுவரோ பாதுகாப்பான தெரிவு.

கொண்டோ டவுன்ஹவுஸ் என்றால் வெளிச்சுவர் பொதுச்சொத்தாக இருக்கக்கூடும். நிர்வாக சபையின் ஒப்புதல் ஒப்பந்தம் இல்லாமல் துளை போட்டால், சுவரைப் பழையபடி ஆக்கும் செலவும் உங்கள் தலையில்தான். சபை மாதம் ஒருமுறை கூடும் இடங்களில் இதற்கே ஒன்றிரண்டு மாதம் போய்விடும். முதலில் அனுப்ப வேண்டிய விண்ணப்பம் இதுதான்.

காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுதுங்கள்: பட்டறை, ஹீற்றர், எவ்வளவு கரைப்பான் வைத்திருப்பீர்கள் என்று.

3. வீட்டுப் பக்கத்தைத் தொடாதீர்கள்

ஒட்டிய கராஜுக்கும் வீட்டுக்கும் இடையே காற்றும் புகையும் கடக்காத தடுப்பு இருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோ கட்டட விதி. இடைக்கதவு இறுக்கமாகப் பொருந்தி, ரப்பர் பட்டியுடன், தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங்குடன் இருக்க வேண்டும். அந்த ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்திருந்தால் இன்றே மாட்டுங்கள்.

வீட்டு ஃபர்னஸிலிருந்து ஒரு கிளைக் குழாயைக் கராஜுக்கு இழுத்துச் சூடாக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். வீட்டு எச்.ஆர்.வி.யிலிருந்து, அதாவது வெளியேறும் காற்றின் வெப்பத்தை மீட்டு உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் காற்றோட்டக் கருவியிலிருந்து, இழுப்பதும் அப்படியே. வார்னிஷ் ஆவியும் பெற்றோல் வாடையும் அந்தக் குழாய் வழியே படுக்கையறைக்குப் போகும். மேலே படுக்கையறை இருந்தால் கராஜ் கூரைப் பலகையிலும் துளை வேண்டாம்.

இன்னொரு விதியை நன்றாக மனதில் வையுங்கள்: ஒட்டிய கராஜில் விசிறி காற்றை வெளியே இழுக்க வேண்டும், உள்ளே தள்ளக் கூடாது. தள்ளினால் கராஜில் அழுத்தம் கூடி, கதவிடுக்கும் வயர் துளையும் வழியாக அழுக்குக் காற்று வீட்டுக்குள் நுழையும். இழுத்தால் கசிவு வீட்டிலிருந்து கராஜுக்குள் வரும், நமக்கு வேண்டியது அதுதான்.

4. அளவுக் கணக்கு

விசிறியின் கொள்ளளவை இங்கே நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று சொல்வார்கள், கடைப் பெட்டியில் சி.எஃப்.எம். என்றிருக்கும்.

மூச்சுக்கு: இலேசான வேலை செய்யும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 30 லீற்றர் காபனீரொட்சைட்டு விடுகிறார். 20 சி.எஃப்.எம். மட்டும் ஓடினால் உள்ளே அளவு 1,300 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் 1,300 பங்கு) வரை ஏறும், தலை கனக்கத் தொடங்கும். 40 ஓடினால் 900க்குள் நிற்கும். வெளிக்காற்றிலேயே 420 அளவில் இருக்கிறது. ஆகவே ஒருவருக்கு 40, இருவருக்கு 80 என்று வையுங்கள். நல்ல குளியலறை விசிறி ஒன்றே இதற்குப் போதும். சத்தம் குறைந்த, தொடர்ந்து ஓடக்கூடிய வகையாக வாங்குங்கள். சத்தம் போட்டால் நீங்களே நிறுத்திவிடுவீர்கள்.

பூச்சு ஆவிக்கு: 300 சி.எஃப்.எம். என்றால் 3,600 கன அடியை 12 நிமிடத்தில் ஒருமுறை மாற்றும். காற்று நன்றாகக் கலந்தால் மூன்று மாற்றத்துக்குப் பிறகு பழைய ஆவியில் 5 வீதம்தான் மிஞ்சும். கணக்குப்படி 36 நிமிடம், மூலைகளில் தேங்குவதையும் பூச்சு காயும் வரை ஆவி விட்டுக்கொண்டே இருப்பதையும் சேர்த்தால் ஒரு மணி நேரம். 6 அங்குலக் குழாய்க்குள் பொருத்தும் இன்லைன் விசிறி, பெட்டியில் 350 முதல் 400 வரை போட்டிருப்பது, குழாயும் வளைவும் தின்றது போக ஏறக்குறைய இந்த அளவைத் தரும்.

வேகக் கட்டுப்பாடுள்ள இன்லைன் விசிறி ஒன்றை வாங்கி, சாதாரண நேரம் மெதுவாகவும் பூச்சு நேரம் முழு வேகத்திலும் ஓட்டினால் இரண்டு தேவையும் ஒரே துளையில் முடியும். பெரும்பாலானோருக்கு நான் சொல்வது இதையே.

5. உள்ளே வரும் காற்றுக்கு வழி

இந்தப் படியைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். இறுக்கி அடைத்த கராஜில் 300 சி.எஃப்.எம். விசிறி போட்டுவிட்டு உள்வழி வைக்காவிட்டால் விசிறி சுற்றும், காற்று போகாது. போகும் கொஞ்சமும் வீட்டிலிருந்து இழுத்ததாக இருக்கும். வீட்டு பேஸ்மென்டில் பழைய வகைத் தண்ணீர் ஹீற்றர், அதாவது மேலே உலோகத் தொப்பியும் புகைக்குழாயும் உள்ள வகை, இருந்தால் ஆபத்து பெரிது. வெறும் 5 பாஸ்கல் அழுத்தக் குறைவே அதன் புகையைத் திருப்பி வீட்டுக்குள் விடப் போதுமானது. இரண்டு பிளாஸ்ரிக் குழாயுடன் வெளியே மூச்சுவிடும் புதிய வகைக்கு இந்தப் பயம் இல்லை.

100 சி.எஃப்.எம். வரைக்கும் 6 அங்குல உள்வழி ஒன்று. 300க்கு மூன்று வேண்டும். மூன்று துளை போட மனமில்லையென்றால் 6 அங்குலம் ஒன்று நிரந்தரமாக வைத்து, பூச்சு நேரத்தில் மட்டும் பெரிய கதவை இரண்டு அங்குலம் தூக்கி வையுங்கள். 16 அடிக் கதவில் அந்த இடுக்கு இரண்டரைச் சதுர அடிக்கு மேல், தாராளம். எலி நுழையாமல் இருக்க வேலை முடிந்ததும் இறக்கிவிடுங்கள்.

உள்வழியை விசிறிக்கு எதிர் மூலையில், உயரத்தில் வையுங்கள். குளிர்காற்று மேலிருந்து இறங்கும்போது சூடான காற்றோடு கலந்துவிடும். கீழே வைத்தால் கால் உறையும். வெளியே அதன் வாய் தரையிலிருந்து குறைந்தது 18 அங்குலம் உயரத்திலும், வெளியேற்றும் வாயிலிருந்து 6 அடி தள்ளியும் இருக்கட்டும். கார் நிற்கும் பக்கம், காஸ் மீற்றர், டிரையர் வாய், ஃபர்னஸ் புகைக்குழாய் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். மூடித் திறக்கும் டாம்பர் ஒன்று போடுங்கள், வேலையில்லாத நாளில் மூடிவிடலாம்.

6. துளையும் குழாயும்

செப்டெம்பர், ஒக்டோபரில் செய்யுங்கள். 5 பாகைக்குக் கீழே பல சீலன்ற்கள் ஒழுங்காக ஒட்டாது.

உள்ளே இழுக்கும் வாய், பூச்சு வேலை செய்யும் மேசைக்குப் பின்னால், வீட்டுக் கதவிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது. கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோரம் தேங்கும். கூரையில் மட்டும் வாய் வைத்தால் அதைப் பிடிக்காது. மேசை உயரத்தில் ஒன்றும், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒன்றுமாகக் கிளை பிரித்தால் இரண்டையும் பிடிக்கும்.

துளை வேலையின் வரிசை:

- உள்ளிருந்து ஸ்டட் (சுவருக்குள் நிற்கும் மரச்சட்டம்) தேடி, வயர் தேடி, நடுவில் மெல்லிய நீளத் துரப்பணத்தால் வழிகாட்டித் துளை போட்டு வெளியே எங்கே வருகிறது என்று பாருங்கள்.
- செங்கல் முகப்பு என்றால் வைர முனைத் துளைக்கருவியை வாடகைக்கு எடுங்கள், அரை நாள் போதும். உளியால் உடைக்கப்போனால் சுற்றியுள்ள கல் தளரும்.
- நீராவித் தடுப்புத் தாளைக் குழாய் அளவுக்கு மட்டும் வெட்டி, ஒலித்தடுப்புச் சீலன்ற் பூசி, சிவப்பு டேப்பால் சுற்றிவர ஒட்டுங்கள். இதை விட்டால் சூடான ஈரக்காற்று சுவருக்குள் புகுந்து இன்சுலேஷனை நனைக்கும். வசந்தத்தில் பூஞ்சை வாடையாகத் தெரியும்.
- குழாயை வெளிப்பக்கம் சரிவாக வையுங்கள், அடிக்குக் கால் அங்குலம். உள்ளே ஊறும் நீர் வெளியே வடியட்டும்.
- வெளிமூடிக்குக் கால் அங்குல வலை போதும். கொசுவலை தூசியால் ஒரு மாதத்தில் அடைபடும்.

குழாய் வழவழப்பான தகரமாக இருக்கட்டும். நெளிநெளியான குழாயை இழுத்து நீட்டாமல் தொங்கவிட்டால் காற்றில் பாதி அங்கேயே போய்விடும். ஒவ்வொரு நேர்கோண வளைவையும் மேலும் 10 அடிக் குழாயாக எண்ணிக்கொள்ளுங்கள். மூட்டுகளை அலுமினியத் தாள் டேப்பால் ஒட்டுங்கள், சாம்பல் நிறத் துணி டேப் இரண்டு குளிர்காலம் தாங்காது. சுவருக்குள்ளும் பரணிலும் போகும் பகுதிக்கு இன்சுலேஷன் சுற்றாவிட்டால் குழாய்க்குள் நீர் சொட்டும். குழாய் பரணிலோ கூரையோரச் சோஃபிட்டிலோ முடியக் கூடாது: அங்கே விட்ட ஈரம் திரும்பப் பரணுக்குள்ளேயே உறிஞ்சப்படும்.

7. தூசி

மரத்தூசியை உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் வகுப்புப் பொருட்களில் வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் துருவல் கீழே விழுந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூசிதான் மணிக்கணக்கில் மிதந்து நுரையீரலுக்குள் போகும்.

தூசி உறிஞ்சியின் குழாயை வெளியே விட்டால் பில்ற்றர் செலவு மிச்சம் என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். 600 சி.எஃப்.எம். உறிஞ்சி ஒன்று, வெளியே −10, உள்ளே 15 பாகை எனில், ஏறக்குறைய 8.5 கிலோவாற் வெப்பத்தை வெளியே கொட்டும். சாதாரணக் கராஜ் மின் ஹீற்றர் 5 கிலோவாற்தான். ஆகவே குளிர்காலத்தில் உறிஞ்சியின் காற்றைத் துணிப்பைக்குப் பதில், நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா தரப் பில்ற்றர் வழியே உள்ளேயே திருப்புங்கள். கோடையில் வேண்டுமானால் கதவைத் திறந்து வெளியே விடலாம். பில்ற்றரின் மேல்கூடு இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று கை வைத்துப் பாருங்கள், கசிவு அங்கேதான் இருக்கும். அரம் பிடிக்கும்போதும் சாண்ட் பேப்பர் போடும்போதும் முகமூடி எப்படியும் வேண்டும்.

வெல்டிங்குக்குப் புகை கிளம்பும் இடத்திலிருந்து ஓரடிக்குள் உறிஞ்சும் வாய் வேண்டும். துத்தநாகம் பூசிய இரும்பை அடைத்த கராஜில் வெல்ட் செய்யாதீர்கள். அன்றிரவே குளிர்காய்ச்சல் போல உடம்பு நடுங்கும். ஆர்கன் போன்ற காப்பு வாயு சிலிண்டர் கசிந்தால் வாசனையே இல்லாமல் ஒட்சிசனைத் தள்ளிவிடும், வேலை முடிந்ததும் வால்வை மூடுங்கள்.

8. பூச்சு வேலையில் நெருப்பு

சாதாரண விசிறியின் மோட்டார் தீப்பொறி விடக்கூடியது. லக்கர் போன்ற எரியக்கூடிய பூச்சை ஸ்பிரே செய்து அந்தக் காற்றைச் சாதாரண விசிறி வழியே இழுப்பது வெடிவிபத்துக்கு வழி. தீப்பொறி விடாத விசிறிகள் பல மடங்கு விலை. வீட்டுக் கராஜுக்கு என் தீர்ப்பு: உள்ளே நீர் சார்ந்த பூச்சு மட்டும், எரியும் பூச்சைத் தூரிகையால் சிறு அளவில், ஸ்பிரே என்றால் கோடையில் வெளியே. ஐசோசயனேற் உள்ள இரண்டு கலவைப் பூச்சை ஸ்பிரே செய்யும் வேலை வீட்டுக் கராஜில் வேண்டவே வேண்டாம்.

லின்சீட் எண்ணெய் துடைத்த துணி தானாகவே தீப்பிடிக்கும். சுருட்டி எறியாமல் தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள தகரத்தில் போடுங்கள்.

9. சூடாக்கலும் எச்.ஆர்.வி.யும்

திறந்த சுடர் புரொபேன் ஹீற்றரை அடைத்த கராஜில் ஏற்றாதீர்கள். ஒரு கிலோ புரொபேன் எரிந்தால் 1.6 லீற்றர் நீர் ஆவியாக வரும். பார்பிக்யூ சிலிண்டர் ஒன்று முழுவதும் எரிந்தால் ஏறத்தாழ 15 லீற்றர்! அது கதவின் தகரத்திலும் உங்கள் வார்ப்பிரும்பு மேசையிலும் துருவாக நிற்கும். காபன் மொனொக்சைட் ஆபத்து இதற்கும் மேல். மின் ஹீற்றர், மினி ஸ்பிளிற் (சுவரில் மாட்டும் வெப்பப் பம்பு), அல்லது வெளியிலிருந்தே மூச்செடுத்து வெளியே விடும் மூடிய அறைக் காஸ் ஹீற்றர், இவற்றில் ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்.

எச்.ஆர்.வி. வெளியே போகும் காற்றின் வெப்பத்தில் ஏறக்குறைய 70 வீதத்தை உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும். வாங்கலாமா? 40 சி.எஃப்.எம். காற்றை −10இலிருந்து 15க்குச் சூடாக்க 0.57 கிலோவாற் வேண்டும். எச்.ஆர்.வி. அதில் 0.4ஐ மிச்சப்படுத்தும். நாளுக்கு மூன்று மணி நேரம், நான்கு மாதம் ஓட்டினால் 144 யூனிற், 15 சதப்படி 22 டொலருக்கும் குறைவு. ஆயிரம் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கிய கருவி உங்கள் ஆயுளில் பணத்தைத் திருப்பித் தராது. நாள் முழுக்கச் சூடாக வைத்து, தினமும் இருவர் வேலை செய்யும் பட்டறைக்கு மட்டும் அது நியாயம். அப்போதும் கராஜில் பொருத்தத் தயாரிப்பாளர் அனுமதிக்கிறாரா என்று கையேட்டில் பாருங்கள், முன்னால் தனிப் பில்ற்றர் பெட்டி வையுங்கள், உறையாத இடத்துக்கு வடிகுழாய் விடுங்கள், வெளியேற்றம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்படி சமன் செய்யச் சொல்லுங்கள்.

10. சோதனை

கரைப்பான் எதுவும் திறந்திராத நாளில் ஒரு ஊதுபத்தி போதும். விசிறியை முழு வேகத்தில் விட்டு, வீட்டுக் கதவின் இடுக்கில் பிடியுங்கள்: புகை கராஜுக்குள் சாய வேண்டும். பிறகு வீட்டு ஜன்னல்களை மூடி, டிரையரையும் அடுப்பு மேல் விசிறியையும் கராஜ் விசிறியையும் சேர்த்து ஓட்டி, தண்ணீர் ஹீற்றர் ஐந்து நிமிடம் எரிந்த பிறகு அதன் தொப்பியருகே பிடியுங்கள். புகை உள்ளே இழுபடாமல் வெளியே சிந்தினால் விசிறியை உடனே நிறுத்தி, உள்வழியைப் பெரிதாக்கும் வரை ஓட்டாதீர்கள்.

காபனீரொட்சைட்டு மீற்றர் ஒன்று வாங்குங்கள், அகச்சிவப்பு உணரி உள்ளதாக. வெளிக்காற்றில் வைத்து 420 அளவைக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே மாட்டுங்கள். ஈரப்பதம் குளிர்காலத்தில் 30 முதல் 40 வீதத்துக்குள் இருக்கட்டும். 15 பாகையில் 50 வீத ஈரம் இருந்தால், 5 பாகைக்குக் கீழான எந்தப் பரப்பிலும் நீர் பூக்கும்.

காபன் மொனொக்சைட் அலாரம் கராஜில் மட்டும் போதாது, இடைக்கதவின் வீட்டுப் பக்கத்திலும் வேண்டும். பெரும்பாலான அலாரங்கள் ஏறத்தாழ 4 பாகைக்குக் கீழே நம்பத்தக்கவை அல்ல, 70 பி.பி.எம். இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் கத்தும். ஆகவே எந்த விசிறி ஓடினாலும் கராஜுக்குள் கார், பனி அள்ளும் இயந்திரம், ஜெனரேற்றர் எதையும் ஸ்ராட் செய்யாதீர்கள். கதவு திறந்திருந்தாலும் வேண்டாம்.

11. செலவும் காலமும்

கனேடிய டொலரில், ஏறத்தாழ: 6 அங்குல இன்லைன் விசிறி வேகக் கட்டுப்பாட்டுடன் 150–300, தகரக் குழாயும் வளைவும் 80–150, வெளிமூடி ஒவ்வொன்றும் 25–60, சீலன்ற், டேப், இன்சுலேஷன் 60–100, துளைக்கருவி வாடகை 80–150, மீற்றரும் இரண்டு அலாரமும் 180–300. நீங்களே செய்தால் 600 முதல் 1,120க்குள் முடியும். மின்சாரக்காரர் வந்தால் மேலும் சில நூறு. எச்.ஆர்.வி. வழி போனால் கருவிக்கு மட்டும் 1,000–2,000, பொருத்தும் கூலி தனி.

வேலை ஒரு வார இறுதி. காகிதங்களுக்குத்தான் காலம் வேண்டும்: ஜூலையில் மின்னஞ்சல்கள் போனால் ஒக்டோபரில் துளை போடலாம். பொருட்களை அனுமதி வந்த பிறகு வாங்குங்கள், துளையின் இடம் மாறினால் குழாய்க் கணக்கும் மாறும்.

அமைத்த பிறகு விசிறியின் வாயையும் பில்ற்றரையும் மாதம் ஒருமுறை தட்டித் துடையுங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை, பனி கொட்டிய ஒவ்வொரு முறையும் வெளியே போய் இரண்டு மூடிகளையும் பாருங்கள். ஈரக்காற்று டாம்பரில் உறைந்து அதை ஒட்டவைத்துவிடும், டிரைவ்வேயில் அள்ளிக் குவித்த பனி உள்வழியை மூடிவிடும். டாம்பர் ஒட்டியிருந்தால் கத்தியால் நெம்பாமல் ஹெயார் டிரையரால் இளக்குங்கள், நெம்பினால் அதன் மெல்லிய கீல் முறிந்துவிடும்.